பொன்னாடை போர்த்தினால் போதுமா?

ஓய்வுபெற்றுச் செல்பவருக்குச் சேவைநலன் பாராட்டு விழா எடுப்பதில் தமிழர்களாகிய நாம் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். பொன்னாடை, பூமாலை, வாழ்த்துப்பா, சட்டமிட்ட பாராட்டு மடல், போதாதற்கு ஒரு சிறப்பு மலர். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் இத்தகைய விழாக்கள் எத்தனையோவற்றுக்குச் செய்தி எழுதியிருக்கின்றேன். பேச்சாளர்கள் எல்லாம் பேசுவார்கள். ஆனால், "நாளை காலையில் இவருடைய நாற்காலியில் அமரப்போகிறவர் யார்?" என்று எந்த மேடையிலும் எவரும் கேட்டு நான் எழுதியதில்லை.

கோப்புகளோடு மட்டும் பழகிய உத்தியோகத்தர் ஒருவர் ஓய்வுபெற்றால் கோப்புகள் சில மாதங்கள் தேங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்கும் அவர்தம் குடும்பத்தவருக்கும் துணைநின்ற உளவியலாளர் ஒருவர் விடைபெறும்போது நிலைமை வேறு. பிள்ளைகளிடையே அதிகம் காணப்படும் குருதிப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். நாளை முதுகில் ஊசி ஏற்றப்படவிருக்கும் பிள்ளையின் அச்சம், அமைச்சிலிருந்து அடுத்த நியமனக் கடிதம் வரும்வரை காத்திருக்குமா?

இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஜோன் ஸ்பினெற்றா. அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஆய்வைத் தொடங்கிய காலத்தில், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தன் மரணம் பற்றிய கவலை இராது என்றே மருத்துவ உலகில் பலர் நம்பியிருந்தனர். ஆகவே நோயை மறைப்பதே பிள்ளைக்குச் செய்யும் நன்மை என்றும் கருதினர். 1973 இல் அவரும் சக ஆய்வாளர்களும் குருதிப் புற்றுநோயுற்ற 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளை, உயிராபத்தற்ற நாட்பட்ட நோயுற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பெரியவர்கள் மறைக்க முயன்றபோதிலும் புற்றுநோயுற்ற பிள்ளைகளின் பதற்றமே மிகுந்திருந்தது.

1974 இல் வெளியான மற்றோர் ஆய்வு மனத்தைப் பிசைவது. மருத்துவமனை அறையின் சிறிய மாதிரி ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தாய், தந்தை, வைத்தியர், தாதி ஆகியோரின் உருவங்களை அதில் வைக்கச் சொன்னார்கள். புற்றுநோயுற்ற பிள்ளைகள் அவ்வுருவங்களை மற்றப் பிள்ளைகளைவிடத் தொலைவில் வைத்தார்கள். மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அத்தொலைவு மேலும் கூடியிருந்தது.

"பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்" என்று வைத்தியரின் கையைப் பிடித்துக் கெஞ்சுகின்ற நம்மவர்கள் இந்த ஆய்வைப் படிக்கவேண்டும். பிள்ளைக்குத் தெரிகிறது. தனக்குத் தெரியும் என்பதை அம்மாவிடம் சொல்ல முடியாது என்பதும் அதற்குத் தெரிகிறது. அந்த மௌனத்தை உடைக்கப் பயிற்சி பெற்றவரே உளவியலாளர். வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைச் சொல்லவும், பிள்ளையைப் பாடசாலைக்கு மீளவும் அனுப்பவும், வீட்டில் மறக்கப்பட்டுக் கிடக்கும் அண்ணனையும் தங்கையையும் கவனிக்கவும், பிள்ளையை இழந்த பெற்றோருடன் பேசவும் அவர் வேண்டும்.

சர்வதேச சிறுவர் புற்றுநோயியல் சங்கத்தின் உளசமூகக் குழு இவற்றையெல்லாம் வழிகாட்டு நெறிகளாகவே எழுதிவைத்திருக்கிறது. ஸ்பினெற்றாவும் இத்தாலியின் மொன்சா நகர வைத்தியர் ஜுசெப்பே மஸேராவும் அப்பணியில் முன்னின்றார்கள். நோயைத் தெரிவிக்கும் முறை பற்றி 1997 இலும், சகோதரர்கள் பற்றி 1999 இலும், பராமரிப்போரின் மனச்சோர்வு பற்றி 2000 இலும் அவை வெளிவந்தன. 2015 இல் அமெரிக்க உளவியலாளர்களும் பிறரும் பிள்ளையை இழந்த பெற்றோரின் முயற்சியோடு 15 தராதரங்களை வகுத்து வெளியிட்டார்கள். ஆகவே, என்ன செய்வதென்று தெரியவில்லை என எந்த நிர்வாகமும் இனிச் சாக்குச் சொல்ல முடியாது.

"மருந்துக்கே பணமில்லை, உளவியலாளருக்கு எங்கே போவது?" என்பார்கள். நியாயமான கேள்விபோலத் தோன்றும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் சிறுவர்கள் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வந்த நாடுகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தினர்கூடத் தேறுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிந்திய நோயறிதலும் மருந்துத் தட்டுப்பாடும் போலவே, சிகிச்சையை இடைநடுவில் கைவிடுவதும் இதற்கு ஒரு காரணம். செலவும் பயணமும் மட்டுமா குடும்பங்களைத் திருப்பி அனுப்புகின்றன? பயமும் புரியாமையும் கூடத்தான். பாதியில் நின்றுபோகும் சிகிச்சையில் அதுவரை ஏற்றிய மருந்தும் வீணாகிறது. உளவியலாளரை ஆடம்பரம் என்போர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கள் நாட்டில் சிறுவர் புற்றுநோய்ச் சிகிச்சையின் பிரதான நிலையம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. மட்டக்களப்பிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கு வருகின்ற தாய்க்கு, நோயைவிட முதலில் மொழி சுவராக எழுந்து நிற்கும். மருந்தின் பெயர் எம்மொழியில் இருந்தாலும் ஏற்றிவிடலாம். "என் பிள்ளை பிழைக்குமா?" என்ற கேள்வியைத் தாய்மொழியில் மட்டுமே கேட்க முடியும், பதிலும் அம்மொழியிலேயே வரவேண்டும்.

ஆதலால், இப்பணியில் காலத்தைக் கழித்து ஓய்வுபெறுகின்ற உளவியலாளர் எவருக்கேனும் விழா எடுக்க விரும்பும் அன்பர்களுக்கும், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து நிதி அனுப்பும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மலர் அச்சிடும் பணத்தில் ஓர் இளம் உளவியலாளரின் பயிற்சிக்குப் புலமைப்பரிசில் வழங்குங்கள். ஓய்வுபெறுபவர் விடைபெறுவதற்கு ஆறு மாதங்கள் முன்னரே அவரிடம் தொழில் பழக ஒருவரை நியமிக்கும்படி அமைச்சுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள். பதவியை நிரந்தர ஆளணியில் சேர்க்கச் சொல்லுங்கள். விழா மேடைக்கு அழைக்கப்படும் அமைச்சரிடம் பொன்னாடைக்குப் பதிலாக அந்த மனுவைக் கொடுங்கள்.

தன் பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமை யாரிடம் பேசுவார்கள் என்ற கவலையோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதைக் கௌரவம் என்று சொல்லாதீர்கள்.