ஆஸ்பத்திரிக்குப் பாதை வேண்டும். கண்மாய்க்கும் வழி வேண்டும்

மதுரையை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனை அமைவது தென் மாவட்ட மக்களின் நெடுநாளைய கனவு. 2015ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் தமிழகத்திற்கென இது அறிவிக்கப்பட்டது. 2018இல் தோப்பூர் தேர்வாயிற்று. 2019 ஜனவரி 27இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024இல்தான் கட்டுமானப் பணி தொடங்கியது. இத்தனை ஆண்டுகளும் பேச்செல்லாம் கட்டடத்தைப் பற்றியே இருந்தது. அதற்குப் போகும் பாதையைப் பற்றியும் பேசுவது விவசாயிகளின் கடமையாகும்.

நான்குவழிச் சாலை மட்டும் போதுமா?

மதுரை-கன்னியாகுமரி நான்குவழிச் சாலை இருக்கும்போது பாதைக்கு என்ன குறை என்று கேட்கலாம். வெளியூரிலிருந்து காரில் வருவோருக்குக் குறையில்லை. ஆனால் திருமங்கலம், திருப்பரங்குன்றம் வட்டாரங்களில் மல்லிகை பறிக்கும் பெண்கள் விடியுமுன் தோட்டத்தில் இறங்குகிறார்கள். இருட்டில் பாம்பை மிதித்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குச் சமம். நல்லபாம்பு, கட்டுவிரியன் நஞ்சு மூச்சை நிறுத்தும். கண்ணாடிவிரியன் நஞ்சு இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடிபட்ட இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கைகாலை அசைக்காமல், நச்சுமுறிவு மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். செயற்கைச் சுவாசமும் சிறுநீரகச் சிகிச்சையும் தேவைப்படும்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் அருமை தெரியும். பூச்சிமருந்து நஞ்சேறியவர்களுக்கும் இதே நிலைதான்.

ஆகவே முதலில் சீராக வேண்டியது தோட்டத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து பெரிய சாலைக்கும் உள்ள பாதை. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நேரே தாரை ஊற்றினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அடியில் கிராவல் பரப்பி இறுக்கி, ஓரத்தில் நீர் வடியவும் வழி செய்தால் பாதை நிற்கும். நான்குவழிச் சாலையை ஒட்டி அணுகுசாலையும், குறுக்கே கடக்கச் சுரங்கப்பாதையும் வேண்டும். இல்லையேல் நோயாளியை ஏற்றிவரும் இருசக்கர வண்டி எதிர்த்திசையில் ஓடும். ஒரு உயிரைக் காக்கப் போய் இன்னொரு உயிர் போகும்.

நீரின் பாதை

மற்றொன்றும் உண்டு. இது கண்மாய்ப் பாசன நாடு. மேட்டிலிருந்து வரும் ஓடை நீர் ஒரு கண்மாயை நிரப்பி, மறுகால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது. புதிய பாதை இந்த ஓடையை மறித்தால் மேற்புறத்து வயல் மூழ்கும். கீழ்ப்புறத்துக் கண்மாய் வறளும். மழையில்லாத நாளில் அளக்க வருவோருக்கு வரத்துக் கால்வாய் வெறும் பள்ளமாகத் தோன்றும். இரண்டடிக் குழாயைப் புதைத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடினால், ஐப்பசி மழையில்தான் தவறு தெரியும். அப்போது திருத்த வழியிராது.

பெரிய ஆஸ்பத்திரி வந்தால் ஊர் வளரும், மனைகள் பெருகும். வளர்ச்சியைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் மனைப் பிரிவுக்குச் சாலை போடுகிறவர்களும் வாய்க்காலைத் தூர்க்கக் கூடாது. ஏரி, கண்மாய்களைக் காக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும், கண்காணிக்க ஊர் இல்லையென்றால் பயனில்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியது

பாதைக்கு மதிப்பீடு தயாராகும் முன்பே ஊரார் கூட வேண்டும். புலப்படத்தில் ஓடை, வரத்துக் கால்வாய், மறுகால், வண்டிப்பாதை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பெருமழையில் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அதையும் எழுத வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியருக்கும் நெடுஞ்சாலை, நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் நகல் அனுப்புவது நல்லது. மார்ச் 22 உலக நீர் நாள் கிராம சபை இதற்கு ஏற்ற நாள்.

பொறியாளர்களும் மழைக்காலத்தில் ஒருமுறை ஊராருடன் நடந்து பார்த்த பிறகே பாலத்தின் கண் அளவை முடிவு செய்ய வேண்டும். பாலத்திற்கு ஆகும் கூடுதல் செலவு, ஒரு போகம் அழிந்தால் வரும் நட்டத்திற்கு ஈடாகாது.

ஆஸ்பத்திரி உயிரைக் காக்கும். கண்மாய் வாழ்வைக் காக்கும். ஒன்றுக்குப் போகும் வழி மற்றொன்றின் வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.