தேவிக்கோட்டைக் கணக்கு

தனியார் படைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஈராக்கில் இயங்கிய பிளாக்வாட்டரும் ரஷ்யாவின் வாக்னரும்தான் உடனே நினைவுக்கு வருகின்றன. கடலூர், சிதம்பரம் வட்டார வரலாற்றைக் கற்பிக்கும் நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையையும், அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை இருந்த ஊர்களையும் மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே தன் சம்பளத்தில் ஒரு படையை வளர்த்தது. 1748-இல் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானமாகிவிட்டன. போருக்கெனத் திரட்டிய படை மட்டும் வேலையின்றிச் செலவு வைத்தது. மறு ஆண்டே வேலை வந்தது. தஞ்சை அரியணையை இழந்த சாகுஜி, அதை மீட்டுத் தந்தால் கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்துத் தேவிக்கோட்டையைத் தருவதாகச் சொன்னார்.

முதல் படையெடுப்பு தோற்றது. மேஜர் லாரன்ஸ் தலைமையில் கடல்வழி போன இரண்டாவது படை கோட்டையைப் பிடித்தது. பிடித்த கையோடு கம்பெனி, யாரை இறக்கப் புறப்பட்டதோ அந்தத் தஞ்சை மன்னர் பிரதாப சிங்கோடே உடன்படிக்கை செய்துகொண்டது. கம்பெனிக்குக் கோட்டை, ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானமுள்ள நிலம், போர்ச்செலவு. சாகுஜிக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய். அரியணைப் பேச்சு அத்தோடு முடிந்தது. அழைத்தவரின் நோக்கத்தைப் படை வைத்திருந்தவரின் லாபம் விழுங்கிவிட்டது.

கம்பெனிக்கு அரச சாசனம் இருந்தது, இங்கிலாந்து மன்னரின் போர்க்கப்பல்களும் துணை வந்தன, எனவே இதைத் தனியார் படை என்பது காலப்பிழை என்று சிலர் சொல்லலாம். சாசனமும் கப்பலும் உண்மைதான். ஆனால் கிடைத்த கோட்டை மன்னர் கணக்கில் ஏறவில்லை, கம்பெனிப் பேரேட்டில் ஏறியது. 1783-இல் கடலூரில் பிரெஞ்சுப் படையோடு மோதியபோது இதே கம்பெனி ஜெர்மன் நாடான ஹானோவரின் இரண்டு ரெஜிமெண்டுகளைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தது. நம் மன்னர்களே விரும்பித்தானே அழைத்தார்கள் என்ற கேள்வியும் எழும். அழைக்க முடிந்தது, திருப்பி அனுப்ப முடியவில்லை. கம்பெனிப் படையை நம்பி ஆண்ட ஆற்காட்டு நவாப் முகமது அலி கடனில் மூழ்கினார். 1801-இல் அவர் வாரிசுகளிடமிருந்து கர்நாடக ஆட்சியே பறிபோனது.

தனியார் படைகள் பற்றிய 2008-ஆம் ஆண்டு மோன்த்ரோ ஆவணம் இன்றும் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. எனவே பழைய கேள்வி பழசாகவில்லை. பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1749-ஐச் சொல்லும்போது ‘ஆங்கிலேயர் படை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘கம்பெனிப் படை’ என்றே எழுதுங்கள். உடன்படிக்கையில் யாருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கையும் பக்கத்திலேயே போடுங்கள்.