பஞ்சாயத்துப் பதவி ஏலம்

பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் வந்து குவிகின்ற காலத்தில் அங்கு சென்று நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாய்த் தெரிந்திருக்கும். வாங்க வருகின்றவர் எவராயிருந்தாலும் பழத்தைத் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், காம்பைப் பார்ப்பார், அதன் பிறகுதான் விலையைப் பற்றி வாய் திறப்பார். ஒரு வேளை தின்று தீர்ந்துபோகும் பழத்திற்கு இத்தனை பரிசோதனை செய்கின்ற நமது மக்கள், ஐந்து வருஷ காலம் தங்கள் தெருவையும், குடிதண்ணீரையும், வரிப்பணத்தையும் ஒப்புவிக்க வேண்டிய மனிதர் விஷயத்தில் எவ்வளவு பரிசோதனை செய்கிறார்கள் என்று கேட்கின்றோம்.

2019-ம் வருஷம் டிசம்பர் 27, 30 தேதிகளில் நமது மாகாணத்தில் 27 ஜில்லாக்களுக்கு ஊராட்சித் தேர்தல் நடந்தது. அந்தச் சமயத்தில், பண்ருட்டிக்கு அடுத்த ஒரு கிராமத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று என்று பத்திரிகைகளில் செய்தி வெளியாயிற்று. கேட்டவர் யார், கொடுத்தவர் யார் என்கின்ற விசாரணை நமக்கு வேண்டியதில்லை. அது போலீசாருக்கும் கோர்ட்டாருக்கும் உரிய வேலை. இந்த மாதிரிச் செய்தி அந்த ஒரு ஊரைப் பற்றி மாத்திரம் வந்ததுமல்ல. அந்த வருஷத்தில் மாத்திரம் வந்ததுமல்ல. ஊராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் பல ஜில்லாக்களிலிருந்து இப்படிப்பட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகையால் ஓர் ஊரைக் குற்றம் சொல்லிவிட்டு மற்ற ஊரார் தப்பித்துக்கொள்ள நாம் இடங் கொடுக்கப் போவதில்லை.

இந்த ஏலம் நடைபெறும் விதத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் என்போர் கூடுகிறார்கள். "தேர்தல் வந்தால் சண்டை வரும், செலவு வரும், ஊர் இரண்டுபடும், ஆகையால் அதிகப் பணம் கொடுப்பவர் ஒருவரே மனுப் போடட்டும்" என்கிறார்கள். பணம் கோயில் திருப்பணிக்கோ வேறு ஊர்ப் பொதுக் காரியத்திற்கோ என்று ஒரு நல்ல பெயரும் வைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் மனுப் போடுவதில்லை; போட்டவர்களும் வாபீஸ் வாங்கிக் கொள்ளுகிறார்கள். ஒரே மனு மிஞ்சினால் சட்டப்படி "போட்டியின்றித் தேர்வு" என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். ஊரார் மாலை போடுகிறார்கள். ஓட்டு என்பது அந்த ஊரில் இருந்த இடமே தெரியாமல் போகின்றது.

நிற்க, இதில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஊராட்சித் தலைவருக்கு சர்க்கார் கொடுக்கும் மதிப்பூதியம் அப்போது மாதம் 1,000 ரூபாய். பின்னால் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்ந்த விகிதத்திலேயே கணக்கிட்டாலும் 60 மாதத்திற்கு 1,20,000 ரூபாய்தான் ஆகின்றது. 1,20,000 ரூபாய் வரும்படிக்கு ஒருவர் 50 லட்சம் முதல் போடுவாரானால் ஒன்று அவர் கணக்குத் தெரியாதவராய் இருக்க வேண்டும். அல்லது நமக்குத் தெரியாத கணக்கு ஒன்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்குத் தெரியாதவர் ஊர்ப் பணத்தைப் பார்த்துக்கொள்ள லாயக்கில்லை. வேறு கணக்குத் தெரிந்தவரோ அதைவிட லாயக்கில்லை. இதில் மூன்றாவது வழி ஏதாவது இருந்தால் ஏலத்தை ஆதரிக்கும் பெரியவர்கள் எடுத்துச் சொல்லட்டும்.

இதைக் கேட்டவுடன் நமது படித்த கூட்டத்தார், "நமது ஜனங்களுக்கு ஜனநாயகத்திற்கு யோக்கியதை இல்லை, அமெரிக்காவைப் பாருங்கள்" என்று சொல்ல வந்துவிடுவார்கள். சரி, அமெரிக்காவையே பார்ப்போம். ஓட்டுப் போடுவதுதான் யோக்கியதைக்கு அடையாளம் என்றால் அமெரிக்கர்கள் நமக்குக் கீழே நிற்க வேண்டியவர்கள். 2014-ல் நடந்த அவர்களது காங்கிரஸ் சபைத் தேர்தலில், ஓட்டுரிமையுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களே ஓட்டுப் போட்டார்கள். மிகப் பரபரப்பாய் நடந்த 2020 ஜனாதிபதி தேர்தலிலுங்கூட மூன்றில் இரண்டு பங்கினர்தான். 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலில் 100-க்கு 70 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். ஆகவே வரிசையில் நிற்பதில் நாம் அவர்களுக்குத் தாழ்ந்தவர்களல்ல.

ஆனால் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கின்றது. அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள வெர்மாண்ட் போன்ற ராஜ்யங்களில் வருஷத்திற்கொரு முறை ஊர்க்கூட்டம் கூடுகின்றது. மார்ச்சு மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை என்று நாளே குறிக்கப்பட்டிருக்கின்றது. பாதைக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்திற்கு எவ்வளவு, பனி வாருவதற்கு எவ்வளவு என்று வரவு செலவுத் திட்டத்தை வரி கொடுப்பவர்களே எழுந்து நின்று விவாதித்து, கை தூக்கித் தீர்மானிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை நடத்தும் சபைக்கும் பெரும்பாலான இடங்களில் ஊராரே அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தலைவர் வீட்டு அறையில் முடிவு செய்யாமல், ஓட்டர்களே முன்கூட்டி ஒரு தேர்தல் வைத்துத் தீர்மானிக்கும் முறையை விஸ்கான்சின் ராஜ்யம் 1903-ல் சட்டமாக்கிற்று. பிறகு அது நாடெங்கும் பரவிற்று. கலிபோர்னியா ராஜ்யத்தில் கவர்னரைப் பிடிக்கவில்லையென்று ஜனங்கள் கையெழுத்துச் சேர்த்து, 2003-ல் அவரை ஓட்டுப் போட்டே நடுவில் இறக்கினார்கள்.

இதைக் கொண்டு அமெரிக்காவை ஒரு மோக்ஷ லோகமாக நாம் காட்ட வரவில்லை. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை மறுக்கக்கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தில் 1870-ல் எழுதினார்கள். எழுதிய பிறகும் தென் ராஜ்யங்களில் எழுத்துப் பரீட்சை என்றும், தலைவரி என்றும், அடி உதை என்றும் பல தந்திரங்களால் சுமார் நூறு வருஷ காலம் அவர்களை ஓட்டுச் சாவடிக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். அம்மக்கள் தெருவில் இறங்கிப் போராடி, அடிபட்டு, உயிர் கொடுத்த பிறகே 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. பணக்காரக் கம்பெனிகள் தேர்தல் காலத்தில் தாமே தனியாகப் பிரசாரம் செய்வதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. பதவி ஏலம் என்பது அங்கும் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டுதான் நடமாடுகின்றது. ஆனால், ஊர்க் காரியம் என் காரியம் என்று கூட்டத்தில் எழுந்து கேட்கும் வழக்கம் மாத்திரம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதே என்கின்றோம்.

இனி நமது பழம்பெருமைக்காரர் வருவார். "அமெரிக்கா எதற்கு? ஆயிரம் வருஷத்திற்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை வைத்தவர்கள் அல்லவா நாம்?" என்பார். வைத்தது உண்மைதான், கல்வெட்டும் இருக்கின்றது. ஆனால் அந்தக் கல்வெட்டையே முழுதும் வாசித்தால், ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டிருக்கின்றது. அந்த நிலத்தை உழுதவன் பெயர் எந்தக் குடத்தில் இருந்தது? அவன் மனைவியின் பெயர் எந்த ஓலையில் இருந்தது? ஆகையால் அந்தக் குடத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுவதில் நமக்கு லாபமொன்றுமில்லை.

உண்மையில் யோசித்துப் பார்த்தால், நமக்கு ஓட்டு வந்ததே நேற்றுதான். 1920-ல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு இருந்தது. பெண்களுக்கிருந்த தடையை 1921-ல் சென்னைச் சட்டசபை தீர்மானம் போட்டு நீக்கிற்று. அப்பொழுதும் சொத்துள்ள பெண்களுக்கே அது பயன்பட்டது. வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல் 1952-ல் முடிந்த தேர்தல்தான்.

அந்தத் தேர்தலில் பண்ருட்டி அடங்கிய இந்தத் தென்னாற்காடு ஜில்லாவில் என்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திரு. எஸ். எஸ். இராமசாமிப் படையாச்சியார் 1951-ல் ஆரம்பித்த உழைப்பாளர் கட்சிக்கு, மண்வெட்டி பிடித்த மக்கள் திரண்டு ஓட்டுப் போட்டு, சட்டசபையில் 19 ஸ்தானங்கள் கொடுத்தார்கள். ஓட்டின் பலம் என்னவென்று சாதாரண ஜனங்கள் முதன் முதலாய்க் கண்ட காலம் அது. ஆனால் இரண்டே வருஷத்தில், 1954-ல், தலைவர் காமராஜர் மந்திரிசபையில் மந்திரியானார். கட்சியும் காங்கிரசோடு கலந்து முடிந்தது. அது சரியா தப்பா என்பது இங்கே பேச்சல்ல. கட்சியை வைத்துக்கொள்ளுவதா, கலைப்பதா என்று ஓட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டாக வேண்டும் என்கின்ற விதி அன்றும் இல்லை. அதன் பிறகு நமது நாட்டில் எந்தக் கட்சியும் அப்படியொரு விதி செய்துகொண்டதாகவும் நாம் காணவில்லை. கொடி கட்ட நாம். கோஷம் போட நாம். தீர்மானிக்க மாத்திரம் வேறொருவர் என்றால், இதற்கும் ஏலத்திற்கும் ஜாதியில் வித்தியாசமில்லை, அளவில்தான் வித்தியாசம் என்போம்.

ஜாதி என்றதும் மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கின்றது. இதே கடலூர் ஜில்லாவில் தெற்குத்திட்டை ஊராட்சியில், சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மையார், மற்ற மெம்பர்கள் நாற்காலியில் இருக்கத் தாம் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாடே பார்த்தது. தலைவர் தரையில்! மெம்பர்கள் நாற்காலியில்! ஏலம் பதவியைப் பணத்திற்கு விற்கின்றது. ஜாதியோ பதவியைக் கொடுத்துவிட்டு நாற்காலியைப் பிடுங்கிக்கொள்ளுகின்றது. இரண்டும் நடக்கும்போது ஊரார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்பதே நமக்கு முக்கியமான சங்கதி.

இதற்குப் பரிகாரம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டியதில்லை. 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் கிராம சபை என்று ஒன்று இருக்கின்றது. அந்த ஊர் ஓட்டர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் மெம்பர். அதற்கு யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. யாரும் ஏலம் எடுக்கவும் முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்ற நாட்களோடு, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவும், தணிக்கை அறிக்கையும், உதவி பெறுவோர் ஜாபிதாவும் அங்கேதான் வைக்கப்பட வேண்டும்.

ஆனால் நடப்பதென்ன? பல ஊர்களில் பத்துப் பேர் வருகிறார்கள். புத்தகம் வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கி வருகின்றது. பெண்கள் வந்தால் ஓரத்தில் நிற்கிறார்கள். கீழ்த்தெருக்காரர் வந்தால் வாசலில் நிற்கிறார்கள். கேள்வி கேட்பவனை, "இவன் யார் கட்சி?" என்று கேட்டு வாயை மூடுகிறார்கள். பதவியை ஏலம் எடுப்பவருக்கு இதுதான் தைரியம். கூட்டத்திற்கு வராத ஊர் கணக்கும் கேட்காது என்பது அவருக்கு நன்றாய்த் தெரியும்.

அஃதன்றியும், நாம் சும்மா இருந்தால் சர்க்காரும் சும்மா இருக்கும் என்பதற்கு அத்தாட்சி இருக்கின்றது. அரசியல் சட்டத்தில் ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தும், 2016 அக்டோபர் முதல் மூன்று வருஷத்திற்கு மேல் நமது ஊராட்சிகள் தனி அதிகாரிகள் கையில் இருந்தன. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும், தேர்தல் இல்லாமல் மறுபடி தனி அதிகாரிகளே வந்தார்கள். சட்டசபைத் தேர்தல் ஒரு மாதம் தள்ளினால் நாடே கூச்சலிடும். ஊர்த் தேர்தல் வருஷக் கணக்கில் தள்ளினால் டீக்கடையில் கூடப் பேச்சில்லை.

ஆகவே, பண்ருட்டி வட்டாரத்துத் தோழர்களையும் மற்ற ஊர்த் தோழர்களையும் நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். அடுத்த கிராம சபைக்கு வீட்டிலுள்ள பெண்களையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். எல்லாத் தெருவாரும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் உட்காருங்கள். வரவு என்ன, செலவு என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதித் தீர்மான நகலை வாங்குங்கள். தேர்தல் வரும்போது ஏலம் பேசக் கூடுகின்ற பெரியவர்களிடம், "எங்கள் ஓட்டை விற்க உங்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது யார்?" என்று முகத்திற்கு நேரே கேளுங்கள், உங்களில் ஒருவர் மனுவும் போடுங்கள். தோற்றாலும் பாதகமில்லை, போட்டி என்று ஒன்று நடந்தாலே ஏலம் செத்தது.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய காரியமல்ல என்பதே நமது அபிப்பிராயம்.