இரண்டு ஊர்கள், ஒரு வரலாறு

ருஷ்ய நாவல்கள் நமக்கு அறிமுகப்படுத்திய சிற்றூர்கள் பல. ஸ்தாராயா ரூஸா அவற்றுள் ஒன்று. இல்மென் ஏரிக்குத் தெற்கே, உப்பு ஊற்றுகளால் பெயர்பெற்ற ஊர். 1872 முதல் தஸ்தயேவ்ஸ்கி தம் கோடைக்காலங்களைக் குடும்பத்தோடு அங்கே கழித்தார். ‘கரமாஸவ் சகோதரர்கள்’ நிகழும் ஊர் அதன் சாயலில்தான் எழுந்தது. அந்த மண்ணை மிதித்திராத தமிழ் வாசகருக்கும் அதன் மரவீடுகளும் சேறு படிந்த தெருக்களும் சொந்தத் தெருவைப் போலப் பழக்கம். அதே வாசகரிடம் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் பற்றிக் கேட்டால் என்ன கிடைக்கும்? பால்கோவா, நாய், மிஞ்சினால் கோபுரம்.

இவை இகழத்தக்கவை அல்ல. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தன. ஆனால் ஓர் ஊர் அதன் பண்டத்தோடு முடிந்துவிடுவதில்லை.

நிலத்திலிருந்து தொடங்குவோம். மேற்கே தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் மாவும் தென்னையும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைத் தேக்கிவைக்கும் கண்மாய்கள். கிழக்கே போகப் போகக் கரிசல், அங்கே பருத்தி. மலையின் நீரும் கரிசலின் பஞ்சும் சந்திக்கும் இடைநிலத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இவ்விரு ஊர்களும் அமைந்திருக்கின்றன. ஒன்று பதினொரு நிலைக் கோபுரத்தைச் சுற்றி வளர்ந்தது. மற்றொன்று, தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் நிலைகொண்ட ஊர், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலைக்குப் பின் ஆலைச் சங்கின் ஒலியில் விடிந்த ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட குமாரசாமி ராஜாவும் இவ்வூர்க்காரரே. தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தவர்.

இவ்விரண்டையும் தனித்தனியே பார்ப்பது நம் பழக்கம். பக்தர் ஸ்ரீவில்லிபுத்தூரோடு திரும்பிவிடுகிறார். பஞ்சு வியாபாரி ராஜபாளையத்தோடு திரும்பிவிடுகிறார். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் நூல் ஒன்று உண்டு. ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்ற காவியமாகப் பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா, அதற்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். வில்லிபுத்தூரின் மகள் தெலுங்குக்குச் சென்று, அடுத்த ஊர்க்காரர் கைபிடித்துத் தமிழுக்குத் திரும்பினாள். இதைவிடச் சிறந்த ஊர் வரலாறு வேறென்ன வேண்டும்?

ஆயினும் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டே வகை: தலபுராணம், இல்லையேல் விழா மலர். முன்னதில் தெய்வம் உண்டு, மனிதர் குறைவு. பின்னதில் நிறுவனர் உண்டு, தொழிலாளி குறைவு. தேர்வடம் பிடித்தவர், கண்மாய் மடை திறந்தவர், இரவுப் பணி முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பியவர், 1927இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை வந்தபோது சந்தைக்குப் புது வழி கண்டவர் ஆகியோரெல்லாம் இரண்டிலும் இடம்பெறுவது அரிது.

ஆவணம் தேடுவோர்க்கும் அலைச்சல் மிகுதி. 1910 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டம். மூன்று மாவட்டங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடப்பதைத் திரட்ட ஒருவராவது முனைய வேண்டும். அதைவிட அவசரமானது வாய்மொழி. தாள் ஓரளவு காத்திருக்கும். முதல் தலைமுறை ஆலைத் தொழிலாளர்களைக் கண்டவர்களின் நினைவு காத்திருக்காது.

தஸ்தயேவ்ஸ்கி இல்லையே என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. தாம் குடியிருந்த ஊரை அவர் உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மேதைமை தேவையில்லை, பொறுமை போதும். ருஷ்யச் சிற்றூரை நேசிக்கக் கற்ற நாம், அந்த நேசத்தில் ஒரு பங்கையாவது நம் ஊர்களுக்கும் தரக் கடமைப்பட்டிருக்கிறோம்.