சேர்வராயன் உச்சியில் ஐந்து வாட்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சேர்வராயன் மலையுச்சியோ 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. ஹாம் வானொலிக்காரருக்கு இந்த இடைவெளிதான் முதலீடு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். சமவெளியில் பத்து மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு வானொலித் தொடுவானம் 13 கிலோமீட்டரில் முடிந்துவிடும். உச்சியிலிருந்து அது ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கொல்லிமலையோ கல்வராயனோ குறுக்கிடாத திசையில், ஐந்து வாட் கைக்கருவியே ஈரோட்டையும் கரூரையும் எட்டப் போதும். வீட்டில் பெரிய கருவி வாங்குவதைவிட மலையேறுவது மலிவு.

கண்டம் தாண்டிப் பேச 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசை வேண்டும். அதற்குப் பத்து மீட்டர் கம்பி, மடக்குக் கம்பம், சிறு லித்தியம் பேட்டரி. எல்லாம் ஒரு முதுகுப்பையில் அடங்கும். மத்திய அரசின் தேர்வெழுதிப் பெற்ற உரிமம் கட்டாயம். இடி மின்னல் காலத்தில் மொட்டை உச்சியில் கம்பம் நடுவது மடமை.

2002இல் பிரிட்டனில் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டம் மலையுச்சியிலிருந்து பேசுவதை விளையாட்டாக்கியது. உயரத்துக்கேற்ப ஒன்று முதல் பத்துப் புள்ளிகள். அவற்றைப் பெற நான்கு தொடர்புகளாவது வேண்டும். கடைசி ஏற்றத்துக்கு மோட்டார் வாகனம் ஆகாது, ஜெனரேட்டரும் கூடாது. நியாயமான விதி. சேர்வராயன் கோயில் வரை கார் போகிறது. இந்த விதிப்படி ஆடுபவர் கீழே இறங்கி, மறுபடி நடந்தே ஏற வேண்டும்.