அஞ்சு லட்சம்... ஆனா கையில வராது!



ரீசார்ஜ் பிளான்ல எத்தனை ஜி.பி., எத்தனை நாள்னு தூக்கத்துல கேட்டாலும் டாண்னு சொல்வீங்க. அப்பத்தாவோட காப்பீட்டு அட்டையில என்ன இருக்குனு கேட்டா? "பீரோவுல இருக்கு"ங்கறதோட சரி!

கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பாருங்க. தெரு நீளத்துக்கு வீடு, உள்ளே பெரியவங்க ரெண்டே பேர். பிள்ளைங்க சென்னையில, சிங்கப்பூர்ல. திடீர்னு நெஞ்சுவலினா காரைக்குடிக்கோ மதுரைக்கோ கூட்டிட்டு ஓடப்போறது பக்கத்துல இருக்கற நீங்கதான். "அட்டை இருக்கா தம்பி?"னு கவுன்டர்ல கேக்கப்போறதும் உங்ககிட்டதான்.

அதனால கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில ஆரம்பிச்சது. 2018-ல மத்திய அரசுத் திட்டத்தோட சேர்ந்த பிறகு, வருஷத்துக்கு 5 லட்சம். இது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு! சும்மா ஒரு பேச்சுக்கு, தாத்தா ஆபரேஷனுக்கு 80,000 போச்சுன்னா, அந்த வருஷம் வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து மிச்சம் 4,20,000.

அந்தப் பணமும் உங்க கைக்கு வராது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் 'பேக்கேஜ்'னு ஒரு தொகை உண்டு. படுக்கை, டாக்டர் பீஸ், மருந்து, டெஸ்ட் எல்லாம் அதுக்குள்ளேயே அடங்கும். காப்பீட்டு நிறுவனம் நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டும். திட்டத்துல சேராத ஆஸ்பத்திரியில சொந்தக் காசைக் கட்டிட்டு, அப்புறமா பில்லை நீட்டி வாங்கிக்கலாம்னு நம்பிடாதீங்க. வாரா வாரம் ஓ.பி.யில காட்டி வாங்கற சுகர் மாத்திரையும், கூட இருக்கறவங்க சாப்பாடும், பஸ் செலவும் நம்ம பாக்கெட்தான்.

அட்மிஷனுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க: இந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கா? இந்த சிகிச்சை பட்டியல்ல இருக்கா? முன் அனுமதி வந்துடுச்சா? அதுக்கு மேலயும் காசு கேட்டா, 1800 425 3993-க்கு ஒரு போன். டோல்ஃப்ரீ!

அட்டையே இல்லையா? குடும்ப வருமான உச்சவரம்பு 2022-ல 72,000-லருந்து 1,20,000 ஆச்சு. முன்னே கிடைக்காதவங்களும் இப்போ முயற்சி பண்ணலாம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோட சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் பதிவு மையத்துக்குப் போங்க. முக்கியமா, ரேஷன் கார்டுல அப்பத்தா பேரு இருக்கானு பாருங்க. பேரு இல்லைன்னா அங்கேயே சிக்கல்!

70 வயசு தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர் 29-ல மத்திய அரசு தனி அட்டை கொண்டு வந்தது. வருமானம் பார்க்கறதில்லை; வருஷத்துக்கு 5 லட்சம். வயசுக்கு ஆதாரம் ஆதார்தான், அதுல பிறந்த வருஷம் சரியா இருக்கணும். போற ஆஸ்பத்திரியில இது செல்லுமானு 14555-ல கேட்டுட்டுக் கிளம்புங்க.

பர்மா வரைக்கும் போய் பேரேடு எழுதின ஊரு சார் இது. ஒரே ஒரு அட்டையோட கணக்கு நமக்குப் பெருசா? இந்த ஞாயித்துக்கிழமை மேட்ச் பிரேக்ல அந்த பீரோவைத் திறங்க. அட்டையை செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல உட்கார்ந்துகிட்டு பீரோ சாவியைத் தேட முடியாது!