சாதாரணப் பெட்ரோல்

சென்ற வாரம் உறவினர் வீட்டுச் சஷ்டியப்தபூர்த்தி ஒன்றில், பந்தி முடிந்து தாம்பூலம் தரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் கூடி, என் தமக்கையின் மகன்மீது ஒரு விசாரணையே நடத்திவிட்டார்கள். அண்மையில் அவன் வாங்கிய டர்போ இன்ஜின் காரில், பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் 95 ஆக்டேன் எரிபொருளே உகந்தது என்று ஒட்டியிருந்தும், அதைப் பொருட்படுத்தாமல் பங்க்கில் எல்லோரும் போடுகிற சாதாரணப் பெட்ரோலையே நிரப்பிக்கொண்டு வருகிறான் என்பது குற்றச்சாட்டு. "இவ்வளவு பணத்தைக் கொட்டி வண்டி வாங்கிட்டு, அதுக்குப் போடுற பெட்ரோல்ல போய்க் கணக்குப் பாக்கறியேடா!" என்று ஒருவர் அங்கலாய்க்க, இன்ஜின் சீக்கிரமே உருகிப்போகும் என்று இன்னொருவர் ஆரூடம் சொன்னார். "மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று பையன் என்னைப் பார்த்தான். அந்தச் சபையில் என் வார்த்தை எடுபடவில்லை. ஆகையால் அங்கே விழுங்கிய ஆத்திரத்தை இங்கே கொட்டித் தீர்க்கிறேன்.

எந்தச் சாமான் வாங்கினாலும் அதனுடன் வரும் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை சிரத்தையாக வாசிக்கும் அபூர்வப் பிராணி நான் என்பதும், மிக்ஸிக் கையேட்டின் வசன நடையைப் புகழ்ந்து ஒரு முழுப் பத்தி எழுதி ஏச்சு வாங்கியவன் என்பதும் இப்பகுதியின் பழைய வாசகர்கள் அறிந்த விஷயங்கள். பையனுடைய காரின் கையேட்டையும் வாசித்திருக்கிறேன். 95 உத்தமம், 91-ம் போடலாம் என்று அதில் தெளிவாகவே அச்சிட்டிருக்கிறது. 95-க்குக் குறைந்தது கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் வண்டிகளும் உலகில் உண்டு; அவற்றைப் பற்றி எனக்கு வாதமில்லை. ஆனால் மூடியில் ஒட்டிய ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையேட்டைப் பிரித்தும் பாராதவர்கள் தீர்ப்புக் கூறப் புறப்படுவதை எப்படிச் சகிப்பது?

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சுத்தத்தையோ சக்தியையோ அளப்பதன்று. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் நெருக்கப்படும்போது, ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பிய தீ தன்னிடம் வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் பொறுமையையே அது குறிக்கிறது. பொறுமையற்ற பெட்ரோல் மூலையில் கிடந்தபடியே முந்திக்கொண்டு வெடிக்கும். அந்த அதிர்ச்சி உலோகத்தில் மோதி எழுப்பும் டக் டக் என்ற ஓசையைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். இக்காலத்துக் கார்களில் அந்த அதிர்வை உணரும் சென்சார் ஒன்று இன்ஜினிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், ஓசை நம் காதில் விழுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றிவிடுகிறது. நஷ்டம், கொஞ்சம் பிக்கப்பும் கொஞ்சம் மைலேஜும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று, பிரீமியம் பெட்ரோல் சிபாரிசு செய்யப்பட்ட சில வண்டிகளை அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்னும் மோட்டார் சங்கம் 2017-இல் சோதித்துப் பார்த்தபோது, பிரீமியத்தால் கிடைத்த மைலேஜ் லாபம் சராசரி 2.7 சதவீதமாகவும், குதிரைத்திறன் லாபம் 1.4 சதவீதமாகவும் இருந்தன. அந்த ஊரில் விலை வித்தியாசமோ அதைப்போலப் பல மடங்கு. மலையேறும்போதும் சித்திரை வெயிலில் பாரம் ஏற்றிப் போகும்போதும் உயர்ந்ததைப் போட்டுக்கொள், மற்ற நாட்களில் மனத்தை அலட்டிக்கொள்ளாதே என்று பையனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் 87 ஆக்டேனையே ஊற்றுகிறார்களாமே என்று அந்தச் சபையில் ஒருவர் பிரஸ்தாபித்தாரே, அவருக்கு ஒரு வார்த்தை: அவர்கள் அளக்கும் முறை வேறு, அங்கே 87 என்பது ஏறக்குறைய இங்கே 91.

இந்த எண்ணின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனபோதுதான், வாரம் முழுவதும் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விருத்தாந்தம் அகப்பட்டது. 1926-இல் கிரஹாம் எட்கர் என்ற ரசாயனி இந்த அளவுகோலை வகுத்தபோது, பொறுமைக்கு இலக்கணமாக ஐஸோ-ஆக்டேனை 100 என்றும், பொறுமையின்மைக்கு இலக்கணமாக ஹெப்டேனைப் பூஜ்யம் என்றும் வைத்தார். அந்த ஹெப்டேன் அப்பொழுது சுத்தமாகக் கிடைத்தது, அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசினிலிருந்து. மரப்பிசினை வடித்து மோட்டாருக்கு அளவுகோல் செய்தவர்களை மெச்சலாமென்று பார்த்தால், எட்கர் வேலை பார்த்த ஸ்தாபனத்தின் பெயர் எதில் கார்ப்பரேஷன்.

அதன் கதையைக் கேளுங்கள். ஓஹையோ மாகாணத்தின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிக்கூடத்தில், சார்லஸ் கெட்டரிங் என்ற மேதையின் கீழ், தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இன்ஜினீயர் நாக்கிங்குக்கு மருந்து தேடி, அயோடின், அனிலின், தெலூரியம் என்று ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கலந்து பார்த்தார். தெலூரியம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் தொட்டவர் உடம்பில் ஏறிய பூண்டு நாற்றம் எளிதில் போவதாயில்லை. கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எதில் லெட் என்ற காரீயக் கூட்டுப்பொருளை ஊற்றியதும் இன்ஜின் வாயை மூடிக்கொண்டது. 1923 பிப்ரவரியில் டேட்டனிலேயே விற்பனை தொடங்கிற்று. பெயர் எதில் என்று மட்டும் வைத்தார்கள். காரீயம் என்ற சொல்லை விளம்பரத்தில் மறந்தும் சேர்க்கவில்லை.

காரீயம் விஷம் என்பது ரோமாபுரிக் காலத்திலேயே தெரிந்த சங்கதி. எரிசாராயம் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்பதும் மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் நன்றாகத் தெரியும். சாராயத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டும், காரீயமோ ஒரு கேலனுக்குச் சுமார் 3 மில்லி லிட்டர் போதும் என்று அவர்கள் சார்பில் ஒரு நியாயம் சொல்லலாம், நியாயந்தான். ஆனால் கரும்பும் சோளமும் விளைகிற இடத்திலெல்லாம் எவனும் காய்ச்சிவிடக்கூடிய சாராயத்துக்குக் காப்புரிமை வாங்கி யார் பணம் பண்ண முடியும்? பங்குதாரர்கள் அதை விரும்பாததில் வியப்பில்லை. அன்று ஒதுக்கிய அதே சரக்கு இன்று எத்தனால் என்ற நாகரிக நாமத்துடன் நம் ஊர்ப் பெட்ரோலில் 20 சதவீதம் கலந்து வருகிறது; பெரியவர்கள் பழித்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்திக்கொண்டிருப்பதும் அதுவே. (அதனால் மைலேஜ் குறைகிறது என்ற புகாரை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.)

1924 அக்டோபரில், நியூஜெர்ஸியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்த விஷத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தப்பிரமை கண்டு, ஐந்து பேர் மாண்டார்கள். பத்திரிகைகள் பைத்திய வாயு என்று அலறின. உடனே மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டி, புட்டியை மூக்கருகே பிடித்து ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில், காரீயம் உடம்பில் ஏறியதால் ஓய்வெடுக்கப் போயிருந்தவர் அதே மனிதர். மிட்ஜ்லியின் அந்த நிமிஷத்தைப் போன்ற துணிச்சலை வேறெந்த வியாபாரச் சரித்திரத்திலும் நான் கண்டதில்லை. பிறகு குளிர்சாதனப் பெட்டிகளுக்கான ஃபிரியானைக் கண்டுபிடித்து, ஓசோன் படலத்துக்கும் வழி பண்ணியவர் அவரே.

1925 மே மாதம் வாஷிங்டனில் விசாரணை மாநாடு கூடிற்று. கெட்டரிங் பிரபுவைப்போல் வந்து பேசினார். அவரை நேருக்கு நேர் ஆக்ஷேபித்தவர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவப் பெண்மணி. காரீயத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து, நோயுற்ற தொழிலாளர்களைத் தேடிக் கண்டவர்; 1919-இல் ஹார்வர்டு சர்வகலாசாலை நியமித்த முதல் பெண் ஆசிரியர். நியமித்த லட்சணமும் கேட்கத் தக்கது: ஆசிரியர் கிளப்பில் நுழையக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட்டும் கிடையாது. இத்தகைய பயங்கரச் சரக்கைத் தெருவெங்கும் புகையாக விடலாமா, வேறு வழி தேடலாகாதா என்று அவர் வாதாடினார். அடுத்த ஆண்டு ஒரு கமிட்டி, தடை செய்யப் போதிய காரணமில்லை என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், உலகம் முழுவதும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குழந்தைகள் அதைச் சுவாசித்தன. பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் நிர்ணயித்த கிளேர் பாட்டர்ஸன், தம் ஆய்வுக்கூடத்துக் காற்றிலிருந்து காரீயத்தை விரட்டப் பட்ட பாட்டிலிருந்தே விஷயம் மறுபடி கிளம்பிற்று.

ஹாமில்டன் 1970 செப்டம்பரில், 101 வயதில் காலமானார்; அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் கடைசி நாளில் கையெழுத்தாயிற்று. நமக்கு 1995-இல் சென்னை உட்பட நான்கு மாநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் கிடைக்கத் தொடங்கி, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் அதுவே ஆயிற்று. கடைசியாக அல்ஜீரியா 2021-இல் கைவிட்டது. கெட்டரிங்கின் பெயரில் ஓஹையோவில் ஒரு நகரமே இருக்கிறது. ஹாமில்டனுக்கு, அதே 1995-இல், அமெரிக்கத் தபால் இலாகா 55 சென்ட் தலை ஒன்று வெளியிட்டது. என் தபால்தலைப் பைத்தியம் உங்களுக்குப் புதிதன்று. பாரிமுனை வியாபாரியிடம் கேட்டால், ரயில், பறவை, பட்டாம்பூச்சி என்று எதை எதையோ எடுத்து வைக்கிறாரே ஒழிய, இந்த அம்மாள் அகப்படவில்லை. வாசகர் எவரிடமேனும் இரண்டாவது பிரதி இருக்குமாயின், என் ஆல்பத்திலிருந்து விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்; திருவிதாங்கூர் சங்கு முத்திரைத் தலைகள் மட்டும் நீங்கலாக.